ஸ்கேனில் மூளைக்குள் 'அறை பெருத்திருக்கிறது' என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது ஸ்கேன் அறையில் படம் எடுக்கிற வேலை பார்க்கிறவன். லீவுக்கு ஊருக்குப் போனால் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு பெரிய மஞ்சள் கவரோடு வந்துவிடுவார்கள். "தம்பி, இதுல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் பாரு." ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், கிளினிக்கில் விளக்கியது சிங்களத்தில் இருந்திருக்கும், வீட்டுக்கு வந்து சேர்ந்தது வெறும் பயம் மட்டும்தான். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் 'வென்ட்ரிக்கிள்ஸ் டைலேட்டட்' என்று இருக்கிறது. மூளையில் தண்ணி கட்டிவிட்டதா?

தண்ணி எல்லார் மூளையிலும் இருக்கிறது. மூளைக்குள்ளே நான்கு குழிவுகள் உண்டு, அவற்றுக்குத்தான் வென்ட்ரிக்கிள், அதாவது அறை, என்று பெயர். இடது வலதாகப் பெரியவை இரண்டு, நடுவில் ஒடுக்கமாக மூன்றாவது, பின்பக்கம் கீழே நான்காவது. இவற்றின் உள்ளே இருக்கும் மெல்லிய பின்னல் ஒன்று தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லீட்டர். ஆனால் எந்த நேரம் பார்த்தாலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மொத்தமாக இருப்பது சுமார் 150 மில்லிலீட்டர்தான், அதிலும் அந்தக் குழிவுகளுக்குள் இருப்பது 25 மில்லிலீட்டர் அளவு, ஐந்து தேக்கரண்டி. மீதி ஓடி வெளியே போய் இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

மலையில் கான் வெட்டிய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. கான் அடைத்தால் மேலே தண்ணி தேங்கும். மூன்றாவது அறைக்கும் நான்காவதுக்கும் நடுவில் உள்ள குழாய் மிகவும் ஒடுங்கியது, அடைப்பு வந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆனால் அறை பெரிதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயதாகி மூளையே கொஞ்சம் சுருங்கும்போது, காலியான இடத்தைத் தண்ணி நிரப்பிக்கொள்ளும். அங்கே அடைப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. 'டைலேட்டட்' என்ற சொல் பெருத்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. வீட்டில் எல்லாரும் அழுவது இந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான்.

சரி, எப்படி அளக்கிறார்கள்? படத்தை வைத்து நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதிகம் புழங்கும் அளவு எவன்ஸ் குறியெண். 1942இல் வில்லியம் எவன்ஸ் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அப்போது எக்ஸ்ரே கதிரால் எடுக்கிற சிடி ஸ்கேனும் கிடையாது, காந்தத்தால் எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேனும் கிடையாது.

போன ஏப்ரலில் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் அவருடைய மாமனாரின் சிடி படத்தைக் கொண்டுவந்தார். படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தோம். வெளியே மூடுபனி, அதனால் கண்ணாடி முழுக்க ஒரே சீரான வெள்ளை வெளிச்சம், ஆஸ்பத்திரி லைட் பெட்டியைவிட நன்றாகவே தெரிந்தது. ஒரே தாளில் இருபது சின்னப் படங்கள், தலையைக் கீழிருந்து மேலாகச் சீவினாற்போல. சிடியில் எலும்பு வெள்ளை, மூளை சாம்பல், தண்ணி கறுப்பு. நடுவில் இரண்டு கறுப்புக் கொம்புகள், அதாவது பெரிய அறைகளின் முன்பகுதிகள், முன்பக்கம் பார்த்து விரிந்திருக்கும் படத்தைத் தேடி எடுத்தோம். ஒரு கொம்பின் வெளி ஓரத்திலிருந்து மற்றக் கொம்பின் வெளி ஓரம் வரை, அதிக அகலம் உள்ள இடத்தில், பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்தால் 2.1 சென்டிமீட்டர். அதே படத்தில் மண்டை ஓட்டின் உள்பக்கம், எலும்பின் உள் ஓரத்திலிருந்து எதிர் உள் ஓரம் வரை, அகலமான இடத்தில் 6.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.32.

படம் சிறிதாக்கி அச்சிட்டிருப்பதால் நிஜ அளவு தெரியாதே என்று கேட்கலாம். தேவையில்லை, இது விகிதம், இரண்டுமே ஒரே அளவுக்குச் சிறுத்திருக்கின்றன. பொதுவாக 0.25 வரை இயல்பு, 0.25க்கும் 0.3க்கும் நடுவில் எல்லைக்கோடு, 0.3ஐத் தாண்டினால் பெருத்திருக்கிறது என்று எழுதுவார்கள்.

இப்போது அக்கா அடிமட்டத்தை வாங்கி அவரே ஒருமுறை அளந்தார். அவருக்கு வந்தது 1.9. வகுத்தால் 0.29! இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மாமனார் 'பெருத்திருக்கிறது' பக்கமும் போகிறார், எல்லைக்கோட்டுப் பக்கமும் போகிறார். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கணினித் திரையில் பெரிதாக்கி வைத்து அளக்கிறார்கள், அச்சடித்த தாளில் அளப்பதில்லை.

அப்போ 0.3ஐத் தாண்டினால் ஒபரேஷனா?

இல்லை. எண்ணைப் பார்த்து யாரும் தலையில் துளை போடுவதில்லை. வயது ஏற ஏற இந்த எண் எல்லாருக்குமே ஏறும், 70, 80 வயதில் எந்தக் குறையும் இல்லாத ஆட்களிலும் 0.3ஐத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். 30 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் ஒரே கோடு போடுவது கொஞ்சம் அநியாயம்தான் என்பது என் எண்ணம்.

சுருங்கியதால் பெருத்ததா, அடைத்ததால் பெருத்ததா? எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது, சுற்றியிருப்பதையும் பார்க்க வேண்டும். மூளையின் மேற்பரப்பில் மடிப்புகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் உண்டு. அறையும் பெருத்து, பள்ளங்களும் எல்லாப் பக்கமும் அகன்றிருந்தால் மூளை சுருங்கிய பக்கம் சந்தேகம் போகும். அறை பெருத்திருக்க, உச்சிப் பக்கத்துப் பள்ளங்கள் மட்டும் நெருக்கி மூடியிருந்தால் தண்ணி தேங்கிய பக்கம் போகும். காதுக்கு நேரே உள்ளே இருக்கும் சின்னக் கொம்பு சாதாரணமாக ஒரு கீறல் மாதிரிதான் தெரியும், அது 2 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அதுவும் ஒரு தடயம். அறைகளைச் சுற்றி மங்கலான நிழல் படிந்திருந்தால் தண்ணி மூளைத் திசுவுக்குள்ளேயே ஊறுகிறது என்று அர்த்தமாகலாம், வயதானவர்களுக்கு வேறு காரணத்தாலும் அப்படித் தெரியும்.

இன்னொரு அளவு கோணம். இரண்டு பெரிய அறைகளின் கூரையும் மேலே சேருகிற இடத்தை, முன்னிருந்து பார்க்கிற மாதிரிப் படத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அளப்பார்கள். தண்ணி தேங்கித் தள்ளினால் அந்தக் கோணம் ஒடுங்கி 90 பாகைக்குக் கீழே வரும். மூளை சுருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிட விரிந்தே இருக்கும்.

தாத்தா காலைத் தூக்கியே வைக்க மாட்டேங்கிறார், மறதியும் இருக்கு. வயசுக் கோளாறுதானே?

இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் சரிசெய்யக்கூடிய ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கலாம்.

1965இல் கொலம்பியா நாட்டு மூளை அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீமும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு நிலையை விவரித்தார்கள். அறைகள் பெருத்திருக்கும், ஆனால் ஊசி போட்டு அளந்தால் அழுத்தம் இயல்பாகவே இருக்கும். அதனாலேயே இயல்பழுத்த நீர்த்தலை என்று பெயர். பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வரும். மூன்று குறிகள்: நடை கெடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, யோசனையும் ஞாபகமும் மந்தமாவது. மூன்றும் ஒன்றாக வரவேண்டும் என்றில்லை, பலருக்கு நடைதான் முதலில்.

அந்த நடையை நம் ஊரில் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் சமதரை என்று ஒன்றே இல்லை. லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகிற படிக்கட்டில் பாருங்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், பாதத்தை அகட்டி வைத்து இழுத்து இழுத்து வைப்பார், திரும்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே ஏழெட்டு அடி வைத்துச் சுற்றுவார். சிறுநீர்க் கதையை வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை, வெட்கம். டொக்டரிடமாவது சொல்லுங்கள், அது முக்கியமான துப்பு.

இப்படிப்பட்டவருக்கு ஸ்கேனில் எவன்ஸ் எண் 0.3க்கு மேலும் இருந்தால், அடுத்ததாக இடுப்புக்குக் கிட்ட முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லிலீட்டர் நீரை எடுத்துப் பார்ப்பார்கள். எடுப்பதற்கு முன் நடக்கவைத்து நேரம் பார்ப்பார்கள், எடுத்த பின் மறுபடியும் நடக்கவைப்பார்கள். நடை தெளிவாக முன்னேறினால் ஷன்ட், அதாவது மூளைத் தண்ணியை உடம்பின் வேறு இடத்துக்கு வடிக்க உள்ளே வைக்கிற குழாய், வைத்தால் பலன் இருக்கும் என்ற நம்பிக்கை கூடும். முன்னேறவில்லை என்பதற்காக உடனே கைவிட்டுவிடவும் மாட்டார்கள். போகும்போது தாத்தா வீட்டில் நடப்பதை ஃபோனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரித் தளத்தில் அவர் வேறு மாதிரி நடப்பார், எல்லாக் கிழவர்களும் அப்படித்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் எடுத்தோம். ஒன்றில் 0.31, மற்றதில் 0.34. கூடிவிட்டதா?

கரட்டை எடுத்து நேராக வெட்டுங்கள், வட்டம் வரும். அதே கரட்டைச் சரித்து வெட்டுங்கள், நீண்டு வரும். கரட் அதேதான். தலையை ஸ்கேன் வெட்டுகிற சாய்வு மாறினாலும் இதே கதைதான், கொம்பின் அகலம் மாறித் தெரியும். எந்தப் படத்தைத் தெரிவுசெய்து அளந்தார்கள், யார் அளந்தார்கள் என்பதாலும் மாறும். கொழுந்து மடுவத்தில் இன்றைக்கு ஒரு தராசு நாளைக்கு ஒரு தராசு என்றால் கிலோ கணக்கு ஒத்துவருமா? (ஒரே தராசிலேயே ஒத்துவராத கதை வேறு.)

ஆகவே எண்களை ஒப்பிடாதீர்கள், படங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சாய்வில், ஒரே ஆள் பார்த்தால்தான் கூடியதா இல்லையா என்று சொல்ல முடியும். எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்தபோது முதல் படத்தை யாரும் கேட்கவில்லை, இவர்களும் கொடுக்கவில்லை. 'பெருத்திருக்கிறது' என்று புது ரிப்போர்ட் வந்தது. நான்கு மாதம் வீடே தூங்கவில்லை. பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்த டொக்டர், "இது ஆறு வருஷமாக இப்படியேதான் இருக்கு" என்றார்.

கர்ப்பிணி ஸ்கேனில் பிள்ளையின் மூளை அறை 11 மில்லிமீட்டராம். என்ன செய்வது?

வயிற்றுப் பிள்ளைக்கு விகிதம் பார்ப்பதில்லை, நேரடியாக மில்லிமீட்டர்தான். இடது வலதாக உள்ள பெரிய அறையின் பின்பகுதியில், தண்ணியைச் சுரக்கும் பின்னல் தடித்துத் தெரிகிற இடத்தில், உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை, குறுக்காக. நான்காம் மாதத்திலிருந்து பிரசவம் வரை பிள்ளை எவ்வளவோ வளர்ந்தாலும் இந்த அகலம் பெரிதாக மாறுவதில்லை, சராசரி 7 அல்லது 8 மில்லிமீட்டர். அதனால்தான் எந்த மாதத்திலும் 10 என்ற ஒரே கோடு வைத்திருக்கிறார்கள், 1988இலிருந்து அதுதான் வழக்கம். 10 முதல் 12 வரை லேசானது, 15க்கு மேல் கடுமையானது, நடுவில் இருப்பது நடுத்தரம்.

11 என்பது லேசானது. வேறு எந்தக் குறையும் கூட இல்லை என்று உறுதியானால் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இயல்பாகவே வளர்கிறார்கள். 'வேறு குறை இல்லை' என்பதுதான் இங்கே பெரிய சொல். அதைப் பார்க்கத்தான் விரிவான ஸ்கேனுக்கு அனுப்புவார்கள், தாய்க்குத் தொற்று ஏதும் வந்ததா என்று இரத்தம் பார்ப்பார்கள், சில வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். இந்த இடத்தில் கோடு சற்றே சரிந்தாலும் 9 என்பது 10 ஆகிவிடும், அதனால் ஒரு அளவோடு முடிவுகட்ட மாட்டார்கள். ஸ்கேன் கருவிக்குக் கிட்ட உள்ள பக்கம் எப்போதும் மங்கல், பெரும்பாலும் தூரப் பக்கத்து அறையைத்தான் அளப்பார்கள், "ஏன் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தாங்க" என்று பயப்பட வேண்டாம்.

மறு ஸ்கேனுக்குச் சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள். ஒரு நாள் பேர் (சம்பளம்) போய்விடுமே என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், புரிகிறது, ஆனாலும் போங்கள்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உச்சந்தலையில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். எதற்கு?

உச்சிக்குழி இன்னும் மூடாததால் அது ஒரு ஜன்னல் மாதிரி, அதன் வழியே ஒலியலை ஸ்கேன் உள்ளே போகும். கதிர்வீச்சு இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போகவும் தேவையில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் மூளை அறைக்குப் பக்கத்தில் இரத்தம் கசிகிற ஆபத்து உண்டு, அந்த இரத்தம் ஓடுவழியை அடைத்தால் அறை பெருக்கும். இங்கே பார்ப்பது லெவீன் அளவு, 1981இலிருந்து இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து கொம்பின் வெளிச்சுவர் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று வாரம் வாரமாக வரைபடத்தில் குறிப்பார்கள். இயல்பு அளவின் மேல்கோட்டைத் தாண்டி 4 மில்லிமீட்டர் போனால் தண்ணியை எடுப்பது பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தலை வெளியே பெருத்துத் தெரிவதற்கு முன்னமே ஸ்கேனில் இது தெரிந்துவிடும், அதுதான் லாபம்.

நிறைமாதப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தர் தலையைச் சுற்றி வைக்கிற அந்த நாடாவே போதும். பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர், முதல் மூன்று மாதமும் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் போலவும், பிறகு மெதுவாகவும் வளரும். பிள்ளையின் கொப்பியில் குறிக்கிற தலை அளவு மேலே மேலே ஏறி இயல்பின் மேல்கோட்டைத் தாண்டினால், உச்சிக்குழி விம்மினால், கண் கீழே இறங்கி மேல்வெள்ளை தெரிந்தால், வாந்தியும் சோர்வும் இருந்தால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் கொண்டுபோங்கள். அப்பாவுக்கும் பெரிய தலை, தாத்தாவுக்கும் பெரிய தலை என்றால் அதையும் சொல்லுங்கள், அப்படி வருகிற தலைகளும் இருக்கின்றன.

சிடியா எம்ஆர்ஐயா?

அவசரத்துக்கு சிடி, சில நிமிஷத்தில் முடியும். தலைக்கு ஒரு சிடி எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, நாம் எல்லாரும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருஷத்தில் வாங்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம். பெரியவருக்கு அது பொருட்டில்லை, ஆனால் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப எடுப்பதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, ஒடுங்கிய குழாய்கூடத் தெரியும், ஆனால் நேரமெடுக்கும், முறை வர நாளாகும். அப்புறம், எம்ஆர்ஐயில் ஒருவகைப் படத்தில் தண்ணி கறுப்பு, இன்னொரு வகையில் வெள்ளை. கவரைப் பிரித்து வெள்ளையாக இருக்கிறதே என்று பதறாதீர்கள்.

கணினியே அளந்து தரலாமே?

தருகிறது. அறைகளின் மொத்தக் கொள்ளளவையே மில்லிலீட்டரில் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன, அடிமட்டக் கணக்கைவிட அது திருத்தமானது. ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படுகிறது. கிளினிக்கில் இன்னும் எவன்ஸ்தான் ஓடுகிறது, ஏனென்றால் கோடு இரண்டு, வகுத்தல் ஒன்று, வேலை முடிந்தது.

ஷன்ட் வைத்து ஆறு மாதம். அறை சுருங்கவே இல்லையாம். ஒபரேஷன் வீணா?

ஆள் எப்படி இருக்கிறார்? அதைச் சொல்லுங்கள் முதலில். இயல்பழுத்த வகையில் ஷன்ட் வைத்த பிறகு நடை நன்றாகத் திரும்பிய பலருக்கு ஸ்கேனில் அறை கொஞ்சம்தான் சுருங்கியிருக்கும், சிலருக்கு மாற்றமே தெரியாது. மாறாக, அறை சின்னதாக இருப்பதால் ஷன்ட் நன்றாக வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது. சிறுவயதிலிருந்தே ஷன்ட் இருக்கும் பிள்ளைகள் சிலருக்கு அறை இறுகி, உள்ளே அழுத்தம் ஏறினாலும் பெருக்காது. ஷன்ட் உள்ளவருக்குப் புதிதாகத் தலையிடி, வாந்தி, தூங்கிக்கொண்டே இருப்பது, காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு வந்தால் ஸ்கேன் எண்ணைப் பற்றி யோசிக்க நேரமில்லை, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் வண்டிக்குக் காசு கிடையாது.

எம்ஆர்ஐ எடுக்கப் போனால் ஷன்ட் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். காந்தத்தால் அளவு மாற்றும் வால்வுகளில் சில, எம்ஆர்ஐக்குள் போனால் தானாக மாறிவிடும், பிறகு திருப்பிச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

கேட்டால் வயிறு கலங்கும். 1918இல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க மருத்துவர் மண்டையில் துளை போட்டு, அறைத் தண்ணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை நிரப்பி எக்ஸ்ரே எடுத்தார். அடுத்த வருஷம் முதுகு வழியாகக் காற்றை ஏற்றும் முறை. நோயாளிக்குப் பயங்கரத் தலையிடி, வாந்தி. எவன்ஸ் அளந்ததும் இப்படிக் காற்று நிரப்பி எடுத்த படங்களைத்தான். 1971 ஒக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சிடி எடுத்த பிறகுதான் இந்த வதை மெல்ல மெல்ல ஒழிந்தது.

கண்டிக்கு கிளினிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

மிஸ்ஸி (நர்ஸ்) சிங்களத்தில் 'ஒலுவே வத்துர', அதாவது தலையில் தண்ணி, என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கிப் போவது தலையாட்டவா? மூன்று விஷயம் கேளுங்கள்: அடைத்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? பழைய படத்தைவிடக் கூடியிருக்கிறதா? அடுத்த ஸ்கேன் எப்போது? சிங்களம் வராதென்றால், வருகிற ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையை வேண்டாம். தாத்தாவின் சிறுநீர்க் கதையைப் பேத்தியை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னால் அவர் வாயையே திறக்க மாட்டார்.

படங்களை எங்கே வைப்பது?

அடுப்புக்கு மேல் பரணில் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கறுப்பு உரிந்து வரும், புகை வேறு. அந்த அக்கா கொண்டுவந்த கவரில் ஐந்து தாள் இருந்தது, பிரிந்து வந்தது மூன்று. தாள்களுக்கு நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, பொலித்தீன் பையில் கட்டி, துணிப்பெட்டியின் அடியில் மடிக்காமல் தட்டையாக வையுங்கள். கணினியில் போட்டுப் பார்க்கிற சீடி வட்டு கொடுத்தால் அதையும் வாங்குங்கள், அதில்தான் எல்லாப் படமும் முழு அளவில் இருக்கும். கவரின் மேல் ஸ்கேன் எடுத்த திகதியைப் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள், பென்சில் வேண்டாம், அழிந்துவிடும்.